தலைநகரமும் சைக்கிளும்

தில்லி மாநகரின் போக்குவரத்தை ஆராய்ந்தவர்கள் 1957-ஆம் ஆண்டுக்கென்று ஒரு கணக்கைத் தந்திருக்கிறார்கள். அவ்வாண்டில் நகரில் நிகழ்ந்த பிரயாணங்களில் நூற்றுக்கு 36 சைக்கிளில் நிகழ்ந்தவை. 1981-இல் அது 17 ஆயிற்று. 1994-இல் 7 ஆகத் தேய்ந்தது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் இளைஞர்கள், "நாடு முன்னேறியது, ஜனங்கள் மோட்டாருக்கு மாறினார்கள், இதில் வியப்பென்ன?" என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அன்றைய முப்பத்தாறில் நம்மவர்க்கு இருந்த பங்கையும், பின்னர் எஞ்சிய ஏழில் இருப்பவர்கள் யார் என்பதையும் சற்று விசாரித்துப் பார்த்தால், விஷயம் அவ்வளவு எளிதில் முடிந்துவிடவில்லை என்பது புலனாகும்.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் உத்தியோக நிமித்தமாகத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல கரோல் பாக், கோல் மார்க்கெட், லோதி காலனி, வினய் நகர் ஆகிய இடங்களில் குடியேறின. வினய் நகர் இப்போது சரோஜினி நகர் என்று வழங்குகிறது. பின்னர் ராமகிருஷ்ணபுரம் எழுந்தது. இன்று நகரத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டிருக்கும் இவற்றுள் சில அந்நாளில் புறநகர்கள்தாம். நகரத்தின் விளிம்பு அங்கே முடிந்து கிராமங்கள் தொடங்கின. காரியாலயமோ ரெய்சினாக் குன்றின்மேல். வினய் நகரிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 6 கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் போய்ச் சேரும் நேரம் நம் வசத்தில் இல்லை. டாங்கா வண்டிக்குத் தினமும் கொடுக்கச் சம்பளம் இடம் தராது. ஆகவே குமாஸ்தாவாக வந்தவர் முதலில் சேர்த்த சொத்து ஒரு சைக்கிளாகவே இருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் சைக்கிள் இன்றைய பிள்ளைகள் அறிந்த இலேசான வண்டி அன்று. 28 அங்குலச் சக்கரம், கம்பியால் இயங்கும் பிரேக்கு, சங்கிலியை முழுவதும் மூடிய உறை, பின்னால் கனத்த கேரியர், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ எடை. ஆனால் அதன் உறுதி அலாதியானது. முன் குழாயில் ஒரு சிறு ஆசனம் பொருத்திப் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின் கேரியரில் மனைவி ஒருபுறமாக அமர்ந்து வரலாம். ஹேண்டில்பாரில் டிபன் அடுக்கும் காய்கறிப் பையும் தொங்கும். தயிர்சாதத்தின் தயிர் ஃபைல் கட்டின்மேல் வழிந்த கதை இல்லாத பழைய தில்லித் தமிழ்க் குடும்பம் உண்டோ என்பது சந்தேகமே!

தை மாதக் குளிரில் சைக்கிள் மிதித்தவர்களின் அனுபவம் தனி. சென்னையில் கம்பளியின் அவசியமே அறியாதவர்கள், காதை மூடிய குல்லாய், மப்ளர், கையுறை, கால்சட்டையின் அடியில் எண்ணெய் படாமலிருக்க ஒரு இரும்புக் கவ்வி ஆகிய சகல ஆயுதங்களோடும் கிளம்புவார்கள். மூடுபனியில் எதிரே வருபவரின் மணியோசைதான் முதலில் தெரியும். முகம் பின்னால்தான் தெரியும். கோடையிலோ, 'லூ' என்னும் அனற்காற்று மாலை வீடு திரும்பும்போதும் ஓய்ந்திராது. இவ்வளவு இருந்தும் நம் பெரியவர்கள் அந்தப் பிரயாணத்தைப் பற்றிப் பேசும்போது குறை கூறிக் கேட்டதில்லை. மாலை ஐந்தரை மணிக்குக் காரியாலயங்கள் விட்டதும் பெருந்திரளாகச் சைக்கிள்கள் இறங்கி வருகையில், பக்கத்தில் மிதித்து வருபவர் தஞ்சாவூர்க்காரர் என்றும், முன்னால் போகிறவர் திருநெல்வேலி என்றும் வழியிலேயே தெரிந்துகொண்டவர்கள் பலர். வாடகைக்கு வீடு, பெண்ணுக்கு வரன், வரப்போகும் நாடகத்துக்குச் சீட்டு இவை யாவும் மிதித்துக்கொண்டே பேசி முடிக்கப்பட்டன. காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிட்டாது.

சர்க்காரும் இதற்குத் துணை நின்றது. மத்திய அரசு ஊழியர்களுக்குச் சைக்கிள் வாங்க முன்பணம் கொடுத்துச் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. குளிருடுப்பு வாங்கவும் அவ்வாறே முன்பணம் உண்டு. தெற்கிலிருந்து வந்தவனுக்குத் தில்லியில் இன்றியமையாத இரண்டு பொருள்கள் எவை என்று நிதி இலாகாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது போலும்! ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைத்தபடி, 2016-இல் இந்த இரண்டு முன்பணங்களும் நீக்கப்பட்டன.

வண்டிகளின் பூர்வீகமும் சுவையானதே. விடுதலைக்கு முன் இங்கே ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. பிறகு சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனமும், தில்லிக்கு வடக்கே சோனிபத்தில் அட்லஸும், லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. அம்பத்தூரில் தயாரான ஹெர்குலீஸ் வண்டி தலைநகரில் ஓடுவதைக் கண்டு ஊர்ப்பாசம் கொண்டவர்கள் நம்மில் இருந்திருப்பார்கள். தில்லியின் எல்லையில் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. அந்த நாள் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலகச் சைக்கிள் தினம் என்பதை என்னவென்று சொல்வது!

சைக்கிள் ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொன்னால் போதாது. நகரம் விரிந்தது, ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகை, எல்லைக்கு அப்பால் நொய்டா, குருகிராமம், பரீதாபாத் என்று குடியிருப்புகள் தள்ளிப் போயின, காரியாலயத்துக்கு 20 கிலோமீட்டர் என்று ஆனபின் மிதிப்பது எப்படி? ஸ்கூட்டர் வந்தது, அதற்குப் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. வசதி பெருகியவர்கள் வசதியை நாடுவது இயல்பு; அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் தெருவின் அமைப்பையே மாற்றிவிட்டதை இயல்பு என்று சொல்ல இயலவில்லை. 1982 ஆசிய விளையாட்டுகளை முன்னிட்டும், 2010 காமன்வெல்த் விளையாட்டுகளை முன்னிட்டும் மேம்பாலங்கள் எழுந்தன. ரிங் ரோடில் மோட்டார் தடையின்றி ஓட வேண்டும் என்பதே குறிக்கோளாயிற்று. தடையின்றி ஓடும் மோட்டார் வரிசையைச் சைக்கிளில் வருபவன் எங்கே கடப்பான்? நடப்பவர்களுக்கென்று படிகள் வைத்த மேல்நடைப் பாலம் கட்டியிருக்கிறார்கள். 20 கிலோ வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி இறங்கும்படி யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அமைப்பு அதைத்தான் சொல்கிறது.

மேம்பாலத்தின் அடியில் இடப்புறம் திரும்பும் வழியைச் சிறிது கவனியுங்கள். நேராகப் போகும் சைக்கிள் இடது ஓரத்தில் போகிறது. இடப்புறம் திரும்பும் லாரி அதை வெட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்காமல் திரும்புகிறது. பஸ் நிறுத்தங்களிலும் இதே கதை. பஸ் ஓரம் கட்டும்போது சைக்கிள்காரன் வலப்புறம் ஒதுங்கி வேகமான வண்டிகளின் நடுவே புகவேண்டும். இது அவனுடைய கவனக் குறைவால் நேர்வதன்று. அவனுக்கென்று இடமே வகுக்கப்படாததால் நேர்வது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர் சைக்கிளில் சென்றவர்கள். சிறு விகிதம் என்று தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் ஓராண்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள்!

அந்தக் குடும்பங்கள் யாவர்? 2001-இல் தில்லியில் நூறு வீடுகளுக்கு ஏறக்குறைய 38 வீடுகளில் சைக்கிள் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அது 31 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டில் கார் வைத்திருந்த வீடுகள் 13-இலிருந்து 21 ஆக உயர்ந்தன. சைக்கிள் வைத்திருப்பவர்களின் கை இறங்கிவிட்டது என்பதே இதன் பொருள். நம் அடுக்குமாடி வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவற்காரர், குழாய் பழுது பார்க்க வருபவர், துணி தேய்ப்பவர், ஓக்லாவிலும் நொய்டாவிலும் ஆலை வேலைக்குப் போகிறவர் இவர்களே இன்று அதிகாலையில் மிதித்து வருகிறவர்கள். இவர்கள் மாசு பற்றிய கவலையால் சைக்கிளைத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். பஸ் கட்டணமும் மெட்ரோ கட்டணமும் மாதச் சம்பளத்தில் எவ்வளவு கரைக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்து மிதிக்கிறவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தலைநகரத்தின் ஆகாயம் புகையால் மூடுகிறதே, அந்தப் புகையை எழுப்பாதவர்களும் இவர்கள். அதை அதிகமாக மூச்சில் வாங்குகிறவர்களும் இவர்களே.

இவர்களுக்கு ஒரு வழி அமைத்துக் கொடுக்க ஒருமுறை முயற்சி நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரம், தில்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து அறிஞர்களான தினேஷ் மோகன், கீதம் திவாரி முதலியோர் வகுத்த கருத்துப்படி, 2008-இல் ஒரு சாலை புதிதாகத் திறக்கப்பட்டது. நடுவே பஸ்களுக்குத் தனி வழி; அதற்கடுத்து மோட்டார்களுக்கு; ஓரத்தில் கட்டை வைத்துப் பிரித்த சைக்கிள் வழி; அதற்கும் அப்பால் நடைபாதை. பஸ்ஸில் இருப்பவர்கள் அறுபது பேர், காரில் இருப்பவர் ஒருவர். ஆதலால் சாலையின் பங்கீட்டை வண்டிகளை எண்ணிச் செய்யாமல் மனிதர்களை எண்ணிச் செய்யவேண்டும் என்பது அதன் அடிப்படை. கார்க்காரர்களின் வரிசை சிக்னலில் நீண்டது. பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. அதை எதிர்த்த வழக்கை 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் கூக்குரலே வென்றது. 2016-இல் அந்த அமைப்பைப் பெயர்த்து எடுத்தார்கள்.

அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. சைக்கிள் வழியில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன, தடுப்பார் இல்லை. நிறுத்தங்களை அடையப் பிரயாணிகள் நடுச் சாலைக்குக் கடந்து போகவேண்டியிருந்தது. ஆனால் குறையைத் திருத்துவது வேறு, முழுவதையும் இடிப்பது வேறு. நொய்டாவில் பின்னர்ப் போட்ட சைக்கிள் தடங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். பல இடங்களில் அவற்றின்மேல் கார்கள் நிற்கின்றன. சாட் வண்டிகள் நிற்கின்றன. சில இடங்களில் நடுவே ஒரு மின்கம்பமே நிற்கிறது. தடத்தைப் போடுவதற்குக் காட்டிய ஊக்கத்தில் கால் பங்கு அதைக் காப்பதற்குக் காட்டியிருந்தால் போதும்.

வேறு நகரங்களின் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கல்கத்தாப் போலீசார் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். பின்னர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 2020-இல் நோய்த்தொற்றினால் ரயிலும் பஸ்ஸும் நின்றுபோனபோது, அதே நகரில் தடையைத் தளர்த்திச் சைக்கிளை அனுமதிக்க நேர்ந்தது. ஹைதராபாத்தில் 2023-இல் வெளிவட்டச் சாலையோரம் சூரியசக்திக் கூரை வேய்ந்த 23 கிலோமீட்டர்த் தடம் திறந்தார்கள். அழகான தடந்தான், ஆனால் காலையில் உடற்பயிற்சிக்காக மிதிப்பவருக்கு அது பயன்படும் அளவு, கறிகாய் வாங்கப் போகிறவருக்குப் பயன்படுமா என்பது வேறு கேள்வி.

பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டை ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கும்படி ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளித்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் ஆண்களுக்கான சைக்கிளையே விரும்பினார்கள். முன் குழாயில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! பிறகு தமிழ்நாட்டில் பள்ளி மாணவியருக்கு அரசே சைக்கிள் கொடுத்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து, பெண்களின் சேர்க்கை நூற்றுக்கு 32 உயர்ந்ததென்றும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியென்றும் கண்டார்கள். 2020 மே மாதத்தில், குருகிராமத்திலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம், காயமுற்ற தகப்பனாரைப் பின்னால் அமர்த்தி மிதித்துச் சென்ற பதினைந்து வயதுச் சிறுமியின் செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படியிருக்க, நம் புறநகர்க் குடும்பங்களில் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அரைக் கிலோமீட்டரில் உள்ள பாட்டு வகுப்புக்குக் காரில் கொண்டுவிடுகிறோம். அச்சத்தினால்தான் செய்கிறோம், அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. ரிங் ரோடில் பிள்ளைகளை அனுப்பும்படி நாம் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டோம். ஆனால் புறநகர் வாழ்க்கையில் பெரும்பாலான அலுவல்கள் குடியிருப்பின் உள்ளேயும் அதைச் சுற்றியும் 3 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன: பால், கீரை, மருந்துக் கடை, மெட்ரோ நிலையம், கோயில், தமிழ் வகுப்பு. நிதானமாக மிதித்தால் இது பதினைந்து நிமிட வழி. தில்லியின் நிலம், ரிட்ஜ் மேட்டை நீக்கிப் பார்த்தால், பெரும்பாலும் சமதளம். மழையோ ஆண்டில் மூன்று மாதத்துக்குள் அடங்கும். கோயமுத்தூரின் மேடு பள்ளங்களில் மிதித்துப் பழகியவர்களுக்கு இது தாம்பாளத்தில் ஓட்டுவது போல.

குடியிருப்புச் சங்கங்களில் நம்மவர் பலர் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். கார்களுக்கு எண் போட்டு இடம் ஒதுக்கும் வளாகங்களில் சைக்கிளுக்குக் கூரை போட்ட ஒரு ஸ்டாண்டு பெரும்பாலும் இல்லை; காவற்காரரின் வண்டி வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டிக் கிடக்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிளுக்குக் குறையாமல் நிறுத்தலாம். இரண்டாவது, சைக்கிளில் வருபவரைப் பின்வாயில் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லும் வழக்கம். சைக்கிளில் வந்த ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவரையே ஒரு வளாகத்தில் அவ்வாறு அனுப்பிவிட்டார்களாம். அவர் சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார். தினமும் சுற்றிப் போகும் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தோன்றுமா? கோட்டத் தடத்தின்மேல் நிற்கும் கார்களை அகற்றும்படி மாநகராட்சிக்கு எழுதும் விண்ணப்பத்தில் காவற்காரரும், குடியிருப்போரும், அவர்கள் வீட்டுப் பெண்ணும் ஒருங்கே கையெழுத்திட்டால், அதைக் குப்பையில் போடுவது சற்றுக் கடினம்.

வாங்க எண்ணுவோருக்குச் சில சொற்கள். பல கியர் வைத்த விலையுயர்ந்த வண்டி இங்கே தேவையில்லை. மட்கார்டும், கேரியரும், சங்கிலி உறையும், மணியும் உள்ள சாதாரண வண்டியே அன்றாட உபயோகத்துக்கு ஏற்றது. கடைக்காரர் இவற்றைக் கழற்றிவிட்டு நாகரிகம் என்பார், கேட்கவேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி ஆசனத்தின் உயரத்தை வைத்துக்கொண்டால் மூட்டு வலி வராது. காற்றை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். காற்றுக் குறைந்த டயரே பாதிப் பஞ்சருக்குக் காரணம். பின்புறம் சிவப்பு விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும் கட்டாயம் வேண்டும்; தலைக்குக் கவசமும் அவ்வாறே. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி விலகுமுன் கிளம்பவேண்டாம். சித்திரை பிறந்தால் காலை ஒன்பது மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொள்ளவேண்டும். மாசி நடுவிலிருந்து பங்குனி முடியத் தலைநகரில் காற்றும் வெயிலும் இதமாக இருக்கும். பூங்காக்களின் ஓரத் தெருக்களில் மாலையில் கூட்டமும் குறைவு. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எண்ணுவோர் அதற்குள் வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கலாம்.